ஷோகேஸ் வாங்கும் முன் சோபாவில் உட்காருங்கள்

எங்கள் ஹாலில் இப்போது நிற்பது இரண்டாவது ஷோகேஸ். முதலாவது பதினோரு நாள்தான் நின்றது. கடையில் பார்த்தபோது அடக்கமாக, அழகாக, எங்கள் டிவி மேசையின் நிறத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்த அன்று இரவு விளக்கைப் போட்டதும் ஷோகேஸ் செம்பழுப்பாகத் தெரிந்தது. பத்து வருடமாக யாரும் குறை சொல்லாத டிவி மேசை அதன் பக்கத்தில் அழுக்கேறிக் கிடப்பது போல் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு இடப்பக்கக் கதவு சோபாவின் கையில் இடித்து முக்கால்வாசிதான் திறந்தது. திருப்பிக் கொடுத்ததில் ஏற்றுகூலி, இறக்குகூலி, கழிவு எல்லாம் போக மிஞ்சியதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

இரண்டாவதை வாங்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். அப்போது கற்றதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். கடைக்குப் போகும் பேச்சு தாமதமாகத்தான் வரும். முதல் முறை நான் தலைகீழாகச் செய்தது அதைத்தான்.

1. வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள்

ஷோகேஸை நாம் கடையில் நின்றுகொண்டு பார்க்கிறோம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு பார்க்கப் போகிறோம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 110 செ.மீ. உயரத்தில் இருக்கும், நின்றால் 150 செ.மீ.யை ஒட்டி இருக்கும். கடையில் உங்களை மயக்கிய மேல் தட்டு, வீட்டில் தலையைத் தூக்கினால்தான் தெரியும்.

உட்கார்ந்தபடியே எதிரில் உள்ள மூன்று கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: டிவி மேசையின் மேல்மட்டம், சோபா முதுகின் மேல்விளிம்பு, கதவு நிலையின் மேல்சட்டம். எங்கள் வீட்டில் இவை 48, 84, 207 செ.மீ. ஒரு ஹாலில் கண் இந்தக் கோடுகளில்தான் ஓடுகிறது. புதிதாக வருவதன் மேல்விளிம்போ, அதன் கண்ணாடிப் பகுதி தொடங்கும் இடமோ இவற்றில் ஒன்றோடு சேர வேண்டும். இல்லையென்றால் நன்றாகவே விலகி நிற்க வேண்டும். நிலைச்சட்டத்துக்கு ஒரு சாண் கீழே முடிகிற ஷோகேஸ் தச்சர் அளவைத் தவறவிட்டது போலவே தெரியும்.

இன்னொரு வேலை: அறையை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து, போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போய்விட்டால் கனம் எங்கே கூடியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் ஹாலில் இருட்டான பொருள்கள் அத்தனையும் ஒரே சுவரோரம் அடைந்திருந்தன. முதல் ஷோகேஸையும் அதே சுவரில்தான் கொண்டுபோய் வைத்தேன்.

2. உள்ளே வைக்கப் போவதை எடுத்துத் தரையில் பரப்புங்கள்

இதைச் செய்யச் சோம்பலாக இருக்கும், செய்துவிடுங்கள். வைக்க நினைக்கும் அத்தனையையும் தரையில் வரிசையாக அடுக்கி மூன்றை மட்டும் குறியுங்கள்: மிக உயரமானது, மிக அகலமானது, மிகக் கனமானது. கனத்துக்கு வீட்டில் எடை பார்க்கும் இயந்திரமே போதும். பொருளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடலாம்.

உயரத்தோடு 5 செ.மீ. சேர்த்தால்தான் கை உள்ளே போய் எடுக்க முடியும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரிசை வைப்பதென்றால் 10 சேர்க்க வேண்டும், பின்வரிசைப் பொருளை முன்வரிசையின் தலைக்கு மேலாகத்தான் எடுப்பீர்கள். ஆழம் பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ. போதுமானது. 45ஐத் தாண்டினால் பின்வரிசை என்ற ஒன்று உருவாகிவிடும். அங்கே போனது திரும்பி வராது.

பரப்பியதில் எனக்கு ஓர் உண்மை தெரிந்தது. காட்டத் தகுந்தவை என்று நான் நினைத்திருந்தவற்றில் பாதி, வெறுமனே வைக்க இடமில்லாதவை: பழைய கேமரா, சார்ஜர் டப்பா, மூடி தொலைந்த ஜாடி, யாரோ கொடுத்த கடிகாரம். உங்களுக்கும் அப்படித்தான் என்றால், முழுக்கக் கண்ணாடி வைத்ததை வாங்க வேண்டாம். மேலே கண்ணாடியும் கீழே மூடிய கதவுமாக இருப்பதைப் பாருங்கள்.

3. தாளை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்

பழைய செய்தித்தாள்களை ஒட்டுத்தாளால் இணைத்து, நினைத்திருக்கும் அகலத்துக்கும் உயரத்துக்கும் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். தரையில் அதன் ஆழத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். கதவு திறக்கும் வளைவையும் வரைய வேண்டும். ஒரு நூலைக் கதவின் அகலத்துக்கு வெட்டி, கீல் வரும் மூலையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் வளைவு வந்துவிடும். நான் முதல் முறை தவறவிட்டது இந்த வளைவைத்தான். கதவின் அகலம் 45 செ.மீ.; சோபாவின் கைக்கும் ஷோகேஸுக்கும் நடுவே இருந்தது 38 செ.மீ.

தாள் மூன்று நாளாவது சுவரில் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தை மிதிக்கிறார்களா, சுற்றிப் போகிறார்களா என்று கவனியுங்கள். முதல் நாள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சுற்றிப் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் பால்கனிக் கதவைத் திறக்கப் போன என் மனைவி கட்டத்துக்குள் நேராக நடந்து, தாளைத் தோளால் கிழித்துக்கொண்டு போனாள். அந்தக் கிழிசல் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி மூலை இருந்திருக்கும். நடைபாதைக்கு 75 செ.மீ.யாவது விடுங்கள், 90 என்றால் நிம்மதி.

தாள் தொங்கும் அதே மூன்று நாளில் இவற்றையும் பார்த்துவிடலாம்:

வெயில் எத்தனை மணிக்கு அந்த இடத்தில் விழுகிறது? சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுவதும் தடுப்பதில்லை. நேர் வெயில் விழும் இடத்தில் புகைப்படம், துணி, புத்தக முதுகு எல்லாம் வெளுக்கும்.

எதிரில் ஜன்னலோ டிவியோ இருக்கிறதா? இருந்தால் பகலில் ஜன்னலையும் இரவில் டிவியையும்தான் ஷோகேஸ் கண்ணாடியில் பார்ப்பீர்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் தோதானது.

மின் பிளக், சுவிட்ச் எதையாவது மறைக்கிறதா? சுவர் ஈரம் கசிகிறதா? மழையடிக்கும் வெளிச்சுவர் என்றால் முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் 2, 3 செ.மீ. இடைவெளி விட வேண்டும். அதையும் ஆழத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

4. நிறம்: ‘கிட்டத்தட்ட அதே நிறம்’ என்பதை வாங்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பழைய மரச்சாமானோடு புதியது இரண்டு வகையில்தான் பொருந்தும். ஒன்று, அச்சு அசலாக அதே மரம், அதே பாலிஷ். அல்லது, பார்த்த மாத்திரத்தில் ‘இது வேறு’ என்று தெரிகிற அளவுக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வம்பு. கொஞ்சம் சிவப்புக் கூடிய பழுப்பைக் கொஞ்சம் மஞ்சள் கூடிய பழுப்பின் பக்கத்தில் வைத்தால், இரண்டில் ஒன்று தப்பாகத்தான் தெரியும். பெரும்பாலும் பழையதுதான் பலியாகும்.

கடையில் இது ஏன் தெரிவதில்லை? கடை விளக்கு வேறு, உங்கள் வீட்டு விளக்கு வேறு. ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோல் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்து நிற்கும். சாயமும் பாலிஷும் வேறு வேறு என்றால் இது நடக்க வாய்ப்பு அதிகம். போன் படத்தை வைத்து ஒப்பிடுவதும் வீண், கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைச் சரிசெய்துகொள்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டு மரச்சாமானின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் மரத்தின் அடிச்சாயல் வெளிப்படும்: சிவப்பா, மஞ்சளா, சாம்பலா என்று. பிறகு கழற்றக்கூடிய ஏதாவது ஒரு பாகத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நான் டிவி மேசையின் இழுப்பறையை உருவி, துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கைக்காரர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, “புறாக்கூண்டா சார்?” என்றார். கடையில் அதை ஒரு ஷோகேஸின் மேல் வைத்தேன். விற்பனையாளர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றார். வாசல் வெளிச்சத்துக்கு இரண்டையும் கொண்டு போகலாமா என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

மாதிரித் துண்டு தருவார்களா என்று கேளுங்கள். உள்ளங்கை அளவு போதும். வீட்டில் அதைப் பழைய சாமானின் மேல், ஷோகேஸ் நிற்கப் போகும் திசையிலேயே நிமிர்த்தி வைத்து, காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பாருங்கள். படுக்க வைத்துப் பார்த்தால் வெளிச்சம் வேறு மாதிரி விழும், ஏமாந்துவிடுவீர்கள்.

அச்சு அசலாக அதே மரம் என்று போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. மரம் நிறம் மாறும். புதிதாக இழைத்த தேக்கு ஒழுங்கில்லாத நிறத்தில், கோடு கோடாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் ஒரே பொன்பழுப்பாக வரும். செர்ரி மரம் போகப் போகக் கறுக்கும். வால்நட் வெளுக்கும். எனவே பத்து வருடத் தேக்கு மேசைக்கு இன்று சரியாகப் பொருந்தும் புதுத் தேக்கு, இரண்டு வருடத்தில் பொருந்தாமல் போகலாம். அதே மரத்தில், அதே பாலிஷில் செய்த பழைய சாமான் ஏதாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் புதியதை மட்டும்தான் காட்டுவார்கள்.

வேறாக நிற்கட்டும் என்று முடிவுசெய்தால் மூன்று வழி உண்டு. ஒன்று, அதே அடிச்சாயலில் இரண்டு மூன்று படி இருட்டாகவோ வெளிர்ப்பாகவோ எடுப்பது. இரண்டு, சுவரின் நிறத்திலேயே வண்ணம் பூசியது. பெரிய ஷோகேஸும் சுவரோடு சுவராக ஒதுங்கிவிடும், சின்ன ஹாலுக்கு இதைவிட நல்லது இல்லை. மூன்று, மெல்லிய கறுப்பு இரும்புச் சட்டமும் கண்ணாடியும். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். மரத்தில் ஆசை வைத்திருந்த எனக்கு ஒரு வாரம் மனசு ஆறவில்லை. இப்போது டிவி மேசை மறுபடியும் நன்றாக இருக்கிறது.

5. காலும் கைப்பிடியும்

நிறம் வேறாக இருந்தாலும் ஏதாவது ஒரு சின்ன விஷயம் பழையதோடு ஒத்துப்போனால் கண் சமாதானமாகிவிடும். சோபாவுக்கு ஒல்லியான கால்கள் இருந்தால் ஷோகேஸுக்கும் கால் இருக்கட்டும். அடியில் தரை தெரிவதால் அறையும் அகலமாகத் தெரியும். சோபா தரையோடு உட்கார்ந்திருந்தால் ஷோகேஸும் அடிக்கட்டையோடு உட்காரலாம். விளிம்பு உருண்டதா, கூரா என்பதையும் பாருங்கள். கைப்பிடி பித்தளை நிறமென்றால் ஹாலில் வேறெங்காவது அதே நிறம் இருக்க வேண்டும், ஒரு விளக்கின் தண்டாக இருந்தாலும் போதும். மற்ற எல்லாம் பொருந்திக் கைப்பிடி மட்டும் உறுத்தினால் ஷோகேஸை விட்டுவிடாதீர்கள். இரண்டு திருகுத் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து வேறு கைப்பிடி மாட்டிவிடலாம்.

6. கண்ணாடியும் தட்டும்

கேட்க வேண்டிய முதல் கேள்வி: கண்ணாடி பதப்படுத்தியதா? கடைகளில் ‘டஃபண்டு’, ‘டெம்பர்டு’ என்பார்கள். அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வலுவானது; உடைந்தாலும் கத்தி போன்ற துண்டுகளாகாமல் சிறு சிறு மணிகளாக உதிரும். பெரும்பாலும் ஒரு மூலையில் அழியாத சிறு முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கதவுக்கு இது கட்டாயம் என்பேன். ஆனால் பதப்படுத்திய பிறகு அந்தக் கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு 3 மி.மீ. தப்பினாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஆர்டர் கொடுத்துச் செய்யும் ஷோகேஸில் கண்ணாடி மட்டும் கடைசியில் தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கனத்துக்கு எளிய கணக்கு: ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 80க்கு 30 செ.மீ. தட்டு, 6 மி.மீ. தடிமன் என்றால் 3.6 கிலோ. 40க்கு 160 செ.மீ. கதவு, 4 மி.மீ. என்றால் 6.4 கிலோ. இரண்டு கதவையும் ஒருசேரத் திறந்தால் 13 கிலோ முன்பக்கம் வந்து தொங்குகிறது என்று பொருள். இதைக் கடைசிப் பகுதிக்காக நினைவில் வைத்திருங்கள்.

தட்டு கண்ணாடியா, பலகையா? உள்ளே மேலிருந்து விளக்கு போடுவதென்றால் கண்ணாடித் தட்டுதான் வெளிச்சத்தைக் கீழ்வரை விடும். புத்தகம், தட்டு அடுக்கு போன்ற கனமானவை என்றால் பலகை. எதுவானாலும் அகலத்தைக் கவனியுங்கள். சீராக எடை பரப்பிய தட்டின் நீளத்தை இரட்டித்தால் நடுவில் தொய்வு 16 மடங்காகும். இது மரத்தின் தரத்தைப் பொறுத்தது இல்லை, வளைவுக் கணக்கே அப்படித்தான். தடிமனைக் கூட்டினால் தொய்வு வேகமாகக் குறையும், 18 மி.மீ. பலகைக்குப் பதில் 25 போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஒரு மீட்டர் அகல ஷோகேஸில் நடுவே தாங்குசட்டம் இல்லையென்றால் கனமான எதையும் வைக்க நினைக்காதீர்கள்.

தட்டை ஏற்றி இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ஆலையில் செய்தவற்றில் 5 மி.மீ. துளைகள் 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக இருக்கும். வெளியில் தெரியாத இடத்தில் ஒரு துளையில் தட்டைத் தாங்கும் முளையைச் செருகி ஆட்டிப் பாருங்கள். இப்போதே லொடலொடத்தால் எடை ஏறியதும் இன்னும் மோசமாகும்.

முதுகில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தது வேண்டுமா என்று கேட்பார்கள். பொருள்கள் இரட்டிப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். அவற்றின் பின்பக்க ஒட்டுச்சீட்டும் தூசியும் சேர்ந்து இரட்டிப்பாகும். எனக்கு வேண்டாம் என்றேன்.

சறுக்கும் கதவு இடம் பிடிக்காது. ஆனால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், கீழ்த் தண்டவாளத்தில் தூசி சேரும். சோபா நெருக்கமாக இருக்கும் ஹாலில் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

7. மரமா, பலகையா

தேக்கு, ஓக் போன்ற முழுமரம் பல தலைமுறை வரும், விலையும் அதற்கேற்ப இருக்கும். பிளைவுட் திருகை நன்றாகப் பிடிக்கும். எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை) வண்ணம் பூச ஏற்றது, பரப்பு வழுவழுப்பாக வரும். தண்ணீர் புகுந்தால் ஊதிவிடும். துகள் பலகை இவற்றில் மலிவு, ஒரே துளையில் திருகை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

பெரிய கண்ணி பெயரில்தான். ‘தேக்கு நிறம்’, ‘தேக்கு பாலிஷ்’, ‘தேக்கு ஃபினிஷ்’ எதுவும் தேக்கு ஆகாது. என்ன மரம், எந்தப் பாகத்தில் என்று கேளுங்கள். முகப்புச் சட்டம் மட்டும் மரமாக இருந்து மீதி எம்.டி.எஃப். ஆக இருப்பது தவறில்லை. எங்கள் ஷோகேஸே அப்படித்தான். சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். பலகை வகை என்றால், அதன் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேற்றத்துக்கான தர அளவு இ1 அல்லது அதைவிடக் குறைவா என்று கேளுங்கள். கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிகிற வாடை வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பழையது வாங்குகிறவர்கள் டார்ச் எடுத்துப் போங்கள். முதுகுப்பக்கமும் கால்களின் அடியும்தான் பார்க்க வேண்டிய இடங்கள். குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டைகளும், தட்டினால் மாவு போல் உதிரும் தூளும் இருந்தால் மரம் உளுத்திருக்கிறது. அது உங்கள் சோபாவின் மரத்துக்கும் பரவக்கூடும்.

8. விளக்கு

எல்.இ.டி. போதும், சூடு குறைவு. ஹாலில் எந்த நிற வெளிச்சமோ அதே நிறம் உள்ளேயும் இருக்கட்டும். மஞ்சள் வெளிச்ச ஹாலுக்கு 2700 முதல் 3000 கெல்வின். பட்டை விளக்கை முதுகில் ஒட்டினால் பொருள்கள் நிழலாகத் தெரியும், முன்சட்டத்தின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது கெட்டால் ஷோகேஸை நகர்த்திக் கொண்டிருக்க முடியாது.

9. வாசலிலிருந்து சுவர் வரை வழியை அளங்கள்

இதைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். கட்டட வாசல், லிஃப்ட் கதவு, லிஃப்டின் உள்ளுயரம், மாடிப்படித் திருப்பம், வீட்டு வாசல், உள் நடை. இவற்றில் மிகக் குறுகியதைத் தாளில் எழுதுங்கள். கதவு நிலையை அளக்கும்போது சுவரிலிருந்து சுவருக்கு அளக்காதீர்கள். திறந்து நிற்கும் கதவே 4, 5 செ.மீ. சாப்பிட்டுவிடும்.

உள்ளே வந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. படுக்க வைத்துக் கொண்டுவந்த ஷோகேஸை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கூரையைத் தாண்டக் கூடாது. உயரத்தின் வர்க்கத்தையும் ஆழத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 210 செ.மீ. உயரம், 45 செ.மீ. ஆழம் என்றால் கிட்டத்தட்ட 215 வரும். பொய்க்கூரை 213இல் இருந்தால், நின்றால் இடிக்காத ஷோகேஸ் நிமிர்த்தும்போது இடிக்கும். மின்விசிறி இறக்கையையும் கணக்கில் சேருங்கள். இரண்டு பாகமாக வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் வகை இந்தத் தலைவலியைத் தராது.

10. இப்போது கடைக்குப் போங்கள்: காகிதம், செலவு, நாள்

கடைக்குள் கூரை உயரமாக இருக்கும், நடுவில் நிறைய வெற்றிடம் இருக்கும். அங்கே எந்த ஷோகேஸும் சிறியதாகத்தான் தெரியும். கண்ணை நம்பாமல் அளவு நாடாவை நீட்டுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் விலைப்புள்ளியை எழுத்தில் வாங்குங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: வெளி அளவும் உள் அளவும் தனித்தனியாக (உயரத்தில் காலும் மேல்விளிம்பும் சேர்ந்ததா என்பதோடு), எந்தப் பாகம் என்ன மரம் அல்லது பலகை, கண்ணாடியின் தடிமன், பதப்படுத்தியதா என்பது, தட்டுகளின் எண்ணிக்கை, கீல், கைப்பிடி, விளக்கு விலையில் சேர்ந்தவையா என்பது, பாலிஷ் அல்லது வண்ணத்தின் குறியீட்டு எண். மாதிரித் துண்டின் பின்னால் இருவரும் கையெழுத்திட்டு, அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பற்றிப் பின்னால் தகராறு வந்தால் வேறெந்தக் காகிதமும் இந்தத் துண்டு அளவுக்குப் பேசாது.

திருப்பி எடுக்கும் விதியையும் வாசியுங்கள். உங்கள் அளவுக்குச் செய்ததைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். சேதத்தை எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், உத்தரவாதத்தில் கண்ணாடி சேருமா, வேறு வீட்டுக்கு மாற்றினால் உத்தரவாதம் நிற்குமா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

செலவில் மக்கள் மறப்பது பொருளின் விலைக்கு வெளியில் உள்ளவற்றை: வண்டிக்கூலி, மாடிக்கூலி, பொருத்தும் கூலி, கூடுதல் தட்டு, மின்வேலை, சுவரில் பிணைக்கும் வேலை, பழையதை அகற்றும் கூலி. ‘வீட்டில் நிறுத்தி முடிக்க எவ்வளவு?’ என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். ‘டெலிவரி இலவசம்’ என்பது கட்டட வாசல் வரைதானா என்றும் கேளுங்கள். கொஞ்சமாவது பாக்கியைப் பொருத்தி முடித்துப் பார்த்த பிறகு தருவதாகப் பேசுங்கள்.

கையிருப்பில் உள்ளது சில நாளில் வரும். செய்து தருவது பல வாரமாகும். ஐந்து வாரம் என்று சொன்ன எங்களுடையது எட்டாவது வாரம் வந்தது. வீட்டில் விசேஷம் வைத்திருக்கிறீர்கள் என்றால் சொன்ன தேதியோடு மூன்று வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். புதிதாகப் பாலிஷோ வண்ணமோ போட்டு வந்தால் கதவுகளைத் திறந்து சில நாள் காற்றாட விட வேண்டும். பூச்சு முழுக்க இறுகுவதற்கு முன் கனமான ஜாடியை வைத்தால் அதன் அடிவட்டம் அங்கேயே பதிந்துவிடும்.

11. வந்து இறங்கும் நாள்

கட்டுப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கண்ணாடியின் நான்கு மூலைகளையும் விரலால் தொடாமல் கண்ணால் பாருங்கள், சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். ‘சரியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற சீட்டில் பார்ப்பதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டாம். பிரித்துப் பார்க்க நேரமில்லை என்று அவசரப்படுத்தினால், ‘பிரித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

துண்டுகளாக வந்து பொருத்துவது என்றால், முதுகுப் பலகையை அடிப்பதற்கு முன் முகப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். வித்தியாசம் இருந்தால் நீண்ட மூலைவிட்டத்தின் முனைகளை அழுத்திச் சரிசெய்த பிறகு அடியுங்கள். முதுகுப் பலகைதான் முழுச் சட்டத்தையும் நேராக வைத்திருக்கிறது.

நிறுத்தியதும் ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். கதவுகளுக்கு நடுவே மேலே அகன்று கீழே ஒடுங்கிய இடைவெளி தெரிந்தால், கீலைத் திருகுவதற்கு முன் தரையைச் சந்தேகியுங்கள். எங்கள் வீட்டில் பொருத்த வந்து கீலோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பையன், கடைசியில் ஒரு காலின் அடித்திருகை அரைச் சுற்றுச் சுற்றினான்; இடைவெளி நேராகிவிட்டது.

பிறகு சுவரில் பிணைப்பது. இதை யாரும் கேட்காமல் செய்து தருவதில்லை, கேளுங்கள். காலியான ஷோகேஸின் இரண்டு கதவும் திறந்திருக்கும்போது அந்த 13 கிலோ முன்னால் இழுக்கிறது. ஒரு குழந்தை அடித்தட்டில் கால் வைத்து ஏறினால் மொத்தமும் சாயும். மேல்சட்டத்தில் இரண்டு இடத்தில் எல்-வடிவ இரும்புத் துண்டோ பட்டையோ போட்டுச் சுவரில் திருக வேண்டும். செங்கல் சுவருக்கு ராவல் பிளக் (துளையில் செருகித் திருகைப் பிடிக்க வைக்கும் உறை) போதும். உள்ளீடற்ற கல்லுக்கும் ஜிப்சம் பலகைச் சுவருக்கும் தனி வகைப் பிடிப்பான்கள் உண்டு, செங்கல்லுக்கானதை அவற்றில் போட்டால் கையோடு வந்துவிடும். சுவரடியில் பட்டையாகக் கல் பதித்திருந்தால் ஷோகேஸ் சுவரை ஒட்டாது. இடைவெளியை நிரப்ப ஒரு மரக்கட்டையை வைத்துத் திருகுங்கள்.

அடுக்கும்போது கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி, கனமானதைக் கீழேயே வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். ஒரு மாதம் கழித்து ஒருமுறை கதவு இடைவெளியையும் சுவர்த் திருகுகளையும் பாருங்கள். எடை ஏறிய பிறகு கால்கள் சற்று அமர்ந்திருக்கும், எங்களுடையது 2 மி.மீ. இறங்கியிருந்தது.